ஆயுத பூஜை மட்டும் போதுமா? பூமிக்கடியில் ஓடும் இயந்திரத்தின் பராமரிப்புக் கணக்கு

எந்த ஊரில் மெட்ரோ சுரங்கம் தோண்டினாலும் முதல் நாள் காட்சி ஒன்றுதான். இயந்திரத்துக்கு மாலை போடுவார்கள். எலுமிச்சம்பழம் வைப்பார்கள். தேங்காய் உடைப்பார்கள். மந்திரியோ பெரிய அதிகாரியோ பட்டனை அழுத்துவார். எல்லோரும் கை தட்டுவார்கள். மறுநாளிலிருந்து பேப்பரிலும் டிவியிலும் ஒரே கேள்விதான் ஓடும்: "இன்றைக்கு எத்தனை மீட்டர்?"

"இன்றைக்கு எத்தனை கட்டர் மாற்றினார்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. "அடுத்து எங்கே நிறுத்திப் பார்க்கப் போகிறார்கள்?" என்றும் கேட்பதில்லை. இயந்திரம் நின்றால் அது செய்தி. நின்றது பழுதாகியா, திட்டமிட்ட பராமரிப்புக்காகவா என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை நிருபருக்கும் இல்லை, அரசியல்வாதிக்கும் இல்லை, பல சமயம் திட்ட மேலாளருக்கும் இல்லை.

லேத் பட்டறையில் வருடம் முழுவதும் ஆயில் கூடப் பார்க்காமல் ஓட்டிவிட்டு, ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் துடைத்துச் சந்தனம் வைப்பவர்கள் உண்டு. லேத் கெட்டால் பரவாயில்லை, பக்கத்துத் தெருவிலிருந்து மெக்கானிக் வருவார். பூமிக்கடியில் முப்பது மீட்டர் ஆழத்தில், மேலே வீடும் கடையும் இருக்கும் இடத்தில், பல நூறு டன் எடையுள்ள இயந்திரம் கெட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைக்காமல் தொடங்கப்படும் ஒவ்வொரு சுரங்கமும் ஒரு சூதாட்டம். சூதாடுவது அடுத்தவர் பணத்தை வைத்து. சில சமயம் அடுத்தவர் உயிரையும் வைத்து.

ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டி

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இது தெரியாததால்தான் பலருக்குப் பராமரிப்பு சின்ன விஷயமாகத் தெரிகிறது.

சுரங்கம் தோண்டும் இயந்திரம் (டனல் போரிங் மெஷின், சுருக்கமாக டி.பி.எம்.) முன்னால் குடைந்துகொண்டே போகும். பின்னால் கான்கிரீட் துண்டுகளை வட்டமாகப் பொருத்திக்கொண்டே வரும். ஒரு வட்டத்துக்கு ஒரு 'ரிங்' என்று பெயர். இந்த ரிங் இயந்திரத்தின் கூட்டுக்குள்ளேயே பொருத்தப்படுகிறது. அதாவது கட்டி முடித்த சுரங்கத்தின் விட்டம் இயந்திரத்தின் விட்டத்தைவிடக் குறைவு. எனவே வந்த வழியே திரும்பிப் போக முடியாது. இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. முன்னால் போக வேண்டும், அல்லது நின்ற இடத்திலேயே சரி செய்ய வேண்டும்.

இப்போது தேய்மானத்தைப் பார்க்கலாம். பாறையை உடைப்பது கட்டர்ஹெட்டில் பொருத்தியிருக்கும் டிஸ்க் கட்டர்கள். அவை 17 அங்குலம், 19 அங்குலம் விட்டமுள்ள எஃகுச் சக்கரங்கள். மெட்ரோ சுரங்கத்துக்குச் சுமார் 6.6 மீட்டர் விட்டமுள்ள இயந்திரம் என்று வைத்துக்கொண்டால், விளிம்பில் இருக்கும் கட்டர் ஒரு சுற்றுக்கு 20 மீட்டருக்கு மேல் உருள்கிறது. ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. முன்னேற்றம் என்றால், ஒரு கிலோமீட்டர் சுரங்கத்துக்கு ஒரு லட்சம் சுற்று. விளிம்புக் கட்டரின் மொத்த ஓட்டம் 2,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கிட்டத்தட்டச் சென்னையிலிருந்து டெல்லி வரைக்கும், பாறை மேல், டன் கணக்கான அழுத்தத்தோடு! நடுவில் இருக்கும் கட்டரோ இதில் சிறு பங்கு தூரம்தான் ஓடியிருக்கும். எல்லாக் கட்டரும் ஒரே மாதிரி தேயும் என்று நினைப்பது முதல் தப்பு.

விளிம்புக் கட்டர் தேய்ந்தால் துளையின் விட்டம் குறையும். துளை சிறுத்தால் இயந்திரத்தின் கூடு அதிலேயே இறுகி மாட்டிக்கொள்ளும். ஒரு கட்டர் உருளாமல் நின்றுவிட்டால் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேயும். அதன் சுமை பக்கத்துக் கட்டர்களுக்குப் போகும். அவையும் வரிசையாகப் போகும். ஒரு கட்டரில் ஆரம்பித்தது கட்டர்ஹெட்டின் எஃகையே தின்னும் வரை போகலாம்.

கட்டர் மட்டுமா? மெயின் பேரிங்கையும் அதைச் சேற்றிலிருந்தும் மணலிலிருந்தும் காக்கும் சீல்களையும் பார்க்க வேண்டும். அந்தச் சீல்களுக்கு இடைவிடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டிய கிரீஸ், வால் பகுதியில் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் கம்பி பிரஷ்கள், மண்ணை வெளியே இழுக்கும் ஸ்க்ரூ கன்வேயர், ஹைட்ராலிக் ஜாக்குகள் என்று பட்டியல் நீளும். இதில் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. ஆயுள் முடிவதற்கு முன்னால் பார்த்தால் அது பராமரிப்பு. முடிந்த பிறகு பார்த்தால் அது விபத்து விசாரணை.

சியாட்டில் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கடலோரமாக ஒரு பழைய இரண்டடுக்கு மேம்பாலச் சாலை இருந்தது. 2001 நிலநடுக்கத்தில் அது சேதமானது. அதற்குப் பதிலாக நகரத்துக்கு அடியில் சுரங்கச் சாலை போட முடிவு செய்தார்கள். அதற்காக ஜப்பானில் செய்யப்பட்ட இயந்திரத்தின் பெயர் 'பெர்தா'. 1920களில் அந்த நகரத்தின் மேயராக இருந்த பெண்மணியின் பெயர் அது. விட்டம் சுமார் 17.5 மீட்டர். அன்றைக்கு உலகத்திலேயே மிகப் பெரிய டி.பி.எம். இதுதான்.

2013 ஜூலை கடைசியில் பெர்தா கிளம்பியது. அதே வருடம் டிசம்பரில், 2.8 கிலோமீட்டர் பயணத்தில் சுமார் 300 மீட்டர் தாண்டியதும் நின்றுவிட்டது. சூடு எகிறியது. பார்த்தால் மெயின் பேரிங்கின் சீல்கள் சேதம். மீண்டும் சுரங்கம் தோண்டத் தொடங்கியது 2015 டிசம்பரில். முழுசாக இரண்டு வருடம்!

அந்த இரண்டு வருடம் என்ன செய்தார்கள்? பெர்தாவுக்கு முன்னால் தரையிலிருந்து சுமார் 36 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பிரம்மாண்டமான குழி தோண்டினார்கள். அடிபட்ட இயந்திரமே மெல்லத் தவழ்ந்து அந்தக் குழிக்குள் வந்து சேர்ந்தது. 2015 மார்ச்சில் கட்டர்ஹெட்டோடு சேர்ந்த முன்பகுதி, ஏறக்குறைய 1,800 டன், ராட்சதக் கிரேனால் மேலே தூக்கப்பட்டது. இதற்கு நடுவில் 2014 இறுதியில் குழியைச் சுற்றி நிலத்தடி நீரை இறைத்தபோது பக்கத்தில் தரை இறங்கியது. பழைய மேம்பாலமும் ஒரு அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தது. அந்த மேம்பாலத்தில்தான் தினமும் பல்லாயிரம் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. நிலநடுக்கத்துக்குத் தாங்காது என்று சொல்லித்தானே சுரங்கமே தோண்ட ஆரம்பித்தார்கள்!

இயந்திரம் மறுபக்கம் வெளிவந்தது 2017 ஏப்ரலில். சாலை திறந்தது 2019 பிப்ரவரியில். வழியில் புதைந்திருந்த ஒரு எஃகுக் குழாயில் இயந்திரம் மோதியது. அந்தக் குழாய்தான் காரணமா, இயந்திரமே சரியில்லையா என்ற சண்டை நீதிமன்றத்துக்குப் போனது. 2019 டிசம்பரில் ஜூரி மாநிலப் போக்குவரத்துத் துறை பக்கம் நின்று 5.72 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது.

பெர்தாவைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் இந்தக் குழாய்ச் சண்டையோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான பாடம் வேறு இடத்தில் இருக்கிறது.

பெர்தாவைத் திட்டமிட்டவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. அதன் கட்டர்ஹெட்டின் கைகள் உள்ளே கூடாக இருந்தன. ஆட்கள் அதற்குள் போய், சாதாரணக் காற்றழுத்தத்திலேயே தேய்ந்த கருவிகளை மாற்றலாம். மேம்பாலத்துக்கு அடியில் போவதற்கு முன்னால் நிறுத்திப் பரிசோதிப்பதற்கென்றே தரைக்கடியில் கான்கிரீட் தூண்களால் ஒரு பாதுகாப்பான நிறுத்தமும் ஏற்பாடாகி இருந்தது. கட்டருக்குத் திட்டம் இருந்தது. ஆனால் மெயின் பேரிங் சீல் போனால் நின்ற இடத்திலிருந்தே அதை எட்டுவதற்குக் கைவசம் வழி எதுவும் இல்லை. குழி தோண்டித்தான் எட்ட வேண்டியிருந்தது. 'அது போகாது' என்ற நம்பிக்கைதான் அங்கே திட்டம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெர்தா நின்ற இடம் அதிர்ஷ்டமான இடம். மேலே குழி தோண்ட இடம் இருந்தது. இன்னும் சில நூறு மீட்டர் போய், மேம்பாலத்துக்கும் நகரத்துக் கட்டடங்களுக்கும் அடியில் நின்றிருந்தால்? குழி எங்கே தோண்டுவது? யார் கட்டடத்தை இடிப்பது?

சரி செய்த பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 2016 மார்ச்சில் பெர்தா அந்தப் பாதுகாப்பான நிறுத்தத்தில் நின்றது. பரிசோதனை முடிந்த பிறகுதான் மேம்பாலத்துக்கு அடியில் அனுப்பினார்கள். அதற்காக இரண்டு வாரம் மேம்பாலத்தை மூடுவதாக அறிவித்தார்கள். அதற்கு முன்பே வேலை முடிந்து பாலம் திறந்தது. இதே இயந்திரம், இதே மண், இதே ஊர். நின்று பார்த்துவிட்டுப் போனபோது மேம்பாலத்துக்கு அடியில்கூடப் பிரச்சினை இல்லாமல் போனது.

உள்ளே போகும் ஆளைப் பற்றி யார் பேசுவது?

பணக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டரை மாற்றுவது மனிதன்.

மண்ணும் தண்ணீரும் உள்ளே சரியாமல் இருக்க, கட்டர்ஹெட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். அங்கே ஆள் போக வேண்டுமென்றால் சேற்றை இறக்கிவிட்டு, அழுத்தப்பட்ட காற்றை நிரப்பி, 'மேன்லாக்' என்ற சின்ன அறை வழியாகப் போக வேண்டும். அழுத்தம் ஏற ஏற உள்ளே வேலை செய்யக்கூடிய நேரம் குறையும். வெளியே வர ஆகும் நேரமோ கூடும். அவசரமாக வெளியே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகும். மூட்டு வலியில் ஆரம்பித்து பக்கவாதம், மரணம் வரை போகலாம். நியூயார்க் புரூக்ளின் பாலத்துக்கு அஸ்திவாரம் போடும்போது 1872இல் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கையே இந்த நோய் படுக்கையில் தள்ளியது. மீதிப் பாலத்தை அவர் வீட்டிலிருந்தபடியே மனைவி எமிலியின் துணையோடுதான் கட்டி முடித்தார்.

திட்டமிட்ட இடத்தில், நல்ல மண்ணில், முன்கூட்டியே பலப்படுத்திய நிலத்தில் நிறுத்தினால் உள்ளே போகிறவருக்கு ஆபத்து குறைவு. சில இடங்களில் சாதாரணக் காற்றிலேயே வேலையை முடிக்கலாம். "இன்னும் பத்து ரிங் போகலாம், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் வந்துடும் சார்" என்று தேய்ந்த கட்டரோடு இழுத்தால் என்ன ஆகும்? இயந்திரம் தானாக எங்கே நிற்கிறதோ அங்கே, எந்த மண்ணாக இருந்தாலும் சரி, உள்ளே போயாக வேண்டும். அந்த 'பத்து ரிங்'கை முடிவு செய்தவர் ஏ.சி. அறையில் இருப்பார். மேன்லாக்குக்குள் போவது வேறொருவர்.

டென்மார்க்கில் கிரேட் பெல்ட் கடலடி ரயில் சுரங்கத்தில் 1991 அக்டோபரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 'ஜட்லாண்டியா' என்ற இயந்திரம் பராமரிப்புக்காக நின்றிருந்தபோது முன்பக்கமாகக் கடல் நீர் உடைத்துக்கொண்டு வந்தது. தடுப்புக் கதவை மூட முடியவில்லை. காரணம், கதவு வழியாகக் கேபிள்களும் குழாய்களும் போய்க்கொண்டிருந்தன! அந்தச் சுரங்கம் மூழ்கியது, பக்கத்துச் சுரங்கமும் மூழ்கியது. ஆட்கள் தப்பியது அதிர்ஷ்டம். பராமரிப்பு செய்வது மட்டும் போதாது, பராமரிப்பையே திட்டமிட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதற்குப் பிறகு அங்கே கடலடியில் கிணறுகள் போட்டு, நீரை இறைத்து, இயந்திரத்தைச் சுற்றியிருந்த நீரழுத்தத்தையே குறைத்தார்கள். 'மோசஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், கடலைப் பிளந்த மோசே நினைவாக. அழுத்தம் குறைந்ததும் தோண்டுவதும் எளிதானது, உள்ளே போய்ப் பார்ப்பதும் எளிதானது. 1997இல் ரயில் ஓடியது.

நெதர்லாந்தின் வெஸ்டர்ஸ்கெல்டே சுரங்கம் (2003இல் திறந்தது) இன்னொரு வழியைக் காட்டியது. நீர்மட்டத்திலிருந்து 60 மீட்டர் ஆழம். சாதாரண முறையில் ஆள் போனால் வேலை நேரத்தைவிட வெளியே வரும் நேரம்தான் அதிகம். அதனால் ஆழ்கடல் முக்குளிப்பவர்கள் செய்வதுபோல், வேலையாட்களை நாள் கணக்கில் அதே அழுத்தமுள்ள அறையிலேயே தங்க வைத்து, வேலை முடிந்ததும் ஒரே முறையாக மெதுவாக வெளியே கொண்டு வந்தார்கள். இதெல்லாம் இயந்திரம் நின்ற பிறகு ராத்திரியோடு ராத்திரியாக ஏற்பாடு செய்கிற விஷயமா?

வழக்கமான சாக்குகள்

*சாக்கு 1: "மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தெரியாததற்கு எப்படித் திட்டம் போடுவது?"*

ஐப்பசியில் எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்யும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகப் புரட்டாசிக்குள் கால்வாயைத் தூர் வாராமல் விடலாமா? பராமரிப்புத் திட்டம் என்பது காலண்டரில் தேதி குறிப்பது இல்லை. பாறை எவ்வளவு அரிக்கும் என்று சோதனைக்கூடத்தில் பார்த்து முதல் கணக்கு போட வேண்டும். முதல் நிறுத்தத்தில் கட்டரை அளந்து அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும். அடுத்த நிறுத்தத்தை அதை வைத்து முடிவு செய்ய வேண்டும். டார்க் ஏறுகிறதா, வேகம் குறைகிறதா, பேரிங் ஆயிலில் உலோகத் துகள் வருகிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டும் பார்க்க வேண்டும். தெரியாதது அதிகமாக இருக்கும் இடத்தில்தான் திட்டம் அதிகம் தேவை.

*சாக்கு 2: "நிறுத்துவதே ஆபத்து. நின்றால் மண் இறங்கும், கூட்டை இறுக்கும்."*

உண்மைதான். எல்லா மண்ணிலும் நிற்கக்கூடாது. அதனால்தான் எங்கே நிற்பது என்று முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும் என்கிறது பராமரிப்புத் திட்டம். நிற்கக்கூடாத இடத்தில் நிற்க வைப்பது திட்டம் இல்லை, திட்டமில்லாமை. இந்தச் சாக்கு அதைச் சொல்கிறவருக்கே எதிராகப் போகிறது.

*சாக்கு 3: "செலவு அதிகம். நின்ற நேரத்துக்கு யார் பணம் தருவது?"*

இதுதான் நிஜமான காரணம். மற்றதெல்லாம் போர்வை. ரிங் கணக்கில் பணம் கொடுத்தால் ரிங்தான் கிடைக்கும். நிறுத்திப் பார்க்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம் என்று எழுதிவிட்டு, பிறகு "ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்பதில் நியாயம் இல்லை. மலிவான டெண்டரை எடுத்தவரும் குற்றவாளி, மலிவாக எடுக்க வைத்தவரும் குற்றவாளி. நல்ல திட்டங்களில் கூட டி.பி.எம். உண்மையில் குடையும் நேரம் பெரும்பாலும் மொத்த நேரத்தில் பாதியைத் தாண்டாது. ரிங் பொருத்துதல், பராமரிப்பு, பைப் நீட்டுதல், மண் அகற்றுதல் எல்லாம் மீதி நேரத்தில்தான். இது தெரிந்தும் 'தினமும் இத்தனை மீட்டர்' என்று அட்டவணை போட்டுக் கையெழுத்து வாங்குவது பொய்யான அட்டவணை.

என்ன செய்ய வேண்டும்?

1. பாதை வரைபடம் போடும்போதே நிறுத்தங்களையும் வரைய வேண்டும். ஸ்டேஷன் குழி, நல்ல பாறை, முன்கூட்டியே பலப்படுத்திய நிலம் என்று இடம் குறிக்க வேண்டும். இயந்திரம் கிளம்பிய பிறகு இடம் தேடக்கூடாது.

2. பாதையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கேள்வி: "இங்கே தானாக நின்றுவிட்டால் எப்படி எட்டுவது?" பதில் இல்லாத பகுதிக்குள், அதற்கு முந்தைய நிறுத்தத்தில் முழுப் பரிசோதனை முடிக்காமல் நுழையக்கூடாது.

3. பராமரிப்பு நிறுத்தத்துக்குத் தனியாகப் பணம் தர வேண்டும். அப்போதுதான் ஒப்பந்ததாரர் அதை மறைக்க மாட்டார், தள்ளிப்போடவும் மாட்டார்.

4. சீல், கட்டர், பிரஷ் போன்ற உதிரி பாகங்கள் சைட்டில் இருக்க வேண்டும். மெயின் பேரிங் போன்றவை கடையில் வாங்கும் பொருள் இல்லை. செய்து வர மாதக்கணக்கில் ஆகும். எங்கிருந்து எத்தனை மாதத்தில் வரும் என்ற பதில் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.

5. "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் பராமரிப்புப் பொறியாளருக்கு வேண்டும். மீட்டர் கணக்குக்குப் பதில் சொல்பவரிடமே அந்த அதிகாரமும் இருந்தால், அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

6. தினமும் எத்தனை மீட்டர் என்று அறிவிப்பவர்கள் திட்டமிட்ட நிறுத்தங்களையும் சேர்த்து அறிவிக்கட்டும். "இன்று இயந்திரம் திட்டப்படி நின்றது, இத்தனை கட்டர்கள் மாற்றப்பட்டன" என்பது வெட்கப்பட வேண்டிய செய்தி இல்லை.

கடைசியாக...

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் சுமார் 119 கிலோமீட்டரில் 40 கிலோமீட்டருக்கு மேல் பூமிக்கடியில். சென்னையின் மண்ணோ ஒரே சீரானது இல்லை. களிமண், மணல், கெட்டிப் பாறை என்று மாறி மாறி வரும். சில இடங்களில் ஒரே முகப்பில் மேலே மண்ணும் கீழே பாறையும் இருக்கும். கட்டர்களுக்கு இதைவிட மோசமான சாப்பாடு கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் மெத்தையிலிருந்து கல்லில் போய் இடிக்கும்.

இன்றைக்கு இன்ஜினியரிங் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் நாளைக்கு இப்படிப்பட்ட ஏதாவது ஒரு சைட்டில் ஷிஃப்ட் இன்ஜினியராக நிற்பார்கள். டார்க் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். வேகம் குறைந்துகொண்டிருக்கும். மேலதிகாரி போனில் "இன்னும் பத்து ரிங் போட்டுட்டுப் பார்த்துக்கலாம்பா" என்பார். செமஸ்டரில் 'மெயின்டெனன்ஸ்' பாடத்தில் வாங்கிய மார்க் அந்த நிமிஷத்தில் உதவாது. "எங்கே நிறுத்துவது என்று முதல் நாளே எழுதியிருக்கிறது சார், இதோ பேப்பர்" என்று காட்டுவதற்கு ஒரு பேப்பர் இருந்தால் அது உதவும்.

அந்தப் பேப்பர் இல்லாத இயந்திரத்துக்கு எத்தனை தேங்காய் உடைத்தும் பிரயோஜனம் இல்லை.